ஒரே நெஞ்சு, மூன்று மருந்துச் சீட்டு

ஆஸ்துமாவை வைத்துக்கொண்டே பீடியோ சிகரெட்டோ பிடிக்கிறவருக்கு மழைக்காலத்தில் சளி பிடித்தால், பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இழுப்புக்கு எப்போதோ ஒரு டாக்டர் எழுதிய இன்ஹேலரும் மாத்திரையும் வீட்டில் கிடக்கும். சளிக்கு மெடிக்கலில் கேட்டு மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் வாங்குவார். பீடியை விடச் சொல்லி வீட்டில் சண்டை நடக்கும். பீடியை விடுவதற்கும் மருந்து உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று தொல்லைகளையும் மூன்று பேர், ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமல் கவனிக்கிறார்கள். மருந்துகள் போய்ச் சேரும் உடம்போ ஒன்றுதான். அங்கே ஒன்றின் வீரியத்தை இன்னொன்று கூட்டுகிறது, குறைக்கிறது. புகையை நிறுத்துவதே ஒரு மாத்திரையின் அளவை மாற்ற வைக்கும்.

இந்த அத்தியாயம் அந்த இடங்களைப் பற்றியது. மருந்தின் பெயரும் அளவும் இங்கே வருவது, டாக்டரிடம் சரியான கேள்வியை நீங்கள் கேட்பதற்காக. நீங்களாகக் கூட்டிக் குறைத்துக்கொள்வதற்காக அல்ல.

இன்ஹேலர்: எது எதற்கு

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்க்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. குழாயின் உட்சுவர், தொல்லை இல்லாத நாளிலும்கூட, சற்று வீங்கிச் சிவந்தே இருக்கிறது. அது அழற்சி. தூசி, புகை, சளி என்று ஏதாவது பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. அதுதான் நமக்கு வீசிங்காகத் தெரிகிறது. சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால் இன்ஹேலர்கள் இந்த இறுக்கத்தைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பலன் தீர்ந்துவிடும். அழற்சியை அவை தொடுவதே இல்லை. அழற்சியை அடக்குவது பியூடசோனைடு, புளூட்டிகசோன், பெக்ளோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்கள். அவை இழுத்த உடனே சுகம் தருவதில்லை. நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் பலன் தெரியும்.

உடனே சுகம் தருவதை மக்கள் நம்புகிறார்கள், மெல்ல வேலை செய்வதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இது மனித இயல்பு, ஆனால் ஆஸ்துமாவில் உயிருக்கு ஆபத்தானது. சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு கடுமையான மூச்சுத்திணறல் அதிகம் வருகிறது என்பதால், உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019இல் அந்தப் பழைய முறையைக் கைவிட்டது. லேசான ஆஸ்துமாவானாலும் ஏதாவது ஒரு வடிவில் ஸ்டீராய்டு இன்ஹேலர் சேர வேண்டும் என்பதே இப்போதைய பரிந்துரை. உங்கள் நிலையை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. 200 பஃப் கொண்ட சால்பியூட்டமால் இன்ஹேலர் வருடத்துக்கு மூன்றுக்கு மேல் தீர்கிறதா? அப்படியானால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பியூடசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலர் இப்போது பலருக்கும் எழுதப்படுகிறது. ஃபார்மோட்டெரால் விரைவில் வேலை செய்யத் தொடங்குவதால், டாக்டர் அப்படி எழுதியிருந்தால் தினசரி மருந்தாகவும் அவசர மருந்தாகவும் அந்த ஒன்றையே பயன்படுத்தலாம். புளூட்டிகசோனோடு சால்மெட்டெரால் சேர்ந்தது வேறு. சால்மெட்டெரால் மெல்லத்தான் வேலையைத் தொடங்கும். அதை அவசரத்துக்கு இழுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் வீட்டில் குழப்பம் வருகிறது. டப்பாவின் மேல் ‘தினமும்’, ‘அவசரம்’ என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்டீராய்டு இன்ஹேலரின் ஒரு பஃப்பில் பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். மூச்சுத்திணறலுக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டின் வீரியமும் ஒன்றல்ல என்றாலும், மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது, இன்ஹேலர் மருந்தின் பெரும் வேலை நெஞ்சுக்குள்ளேயே முடிகிறது. இன்ஹேலருக்குப் பயந்து அதை விட்டவர், அடிக்கடி திணறல் வந்து ஸ்டீராய்டு மாத்திரைக்கும் ஊசிக்கும் போய்ச் சேருகிறார். சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது, கண்புரை எல்லாம் அந்தப் பக்கம்தான் அதிகம். “இன்ஹேலர் பழகிடும்” என்பதும் தவறு. அடிமைப்படுத்தும் பொருள் எதுவும் அதில் இல்லை. நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது, அவ்வளவுதான்.

இழுக்கும் முறை பிசகினால் நல்ல மருந்தும் தொண்டையிலேயே தங்கிவிடும். அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, இன்ஹேலரை வாயில் வைத்து உதடுகளை இறுக்கி மூடுங்கள். மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கியதும் அழுத்தி, மூன்று நான்கு விநாடி தொடர்ந்து இழுத்து, பத்து விநாடி அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடம் காத்திருங்கள். ரோட்டாகேப் போட்டு இழுக்கும் கருவிக்கு இதற்கு நேர்மாறாக, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், மெதுவாக இழுத்தால் பொடி கிளம்பாது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

அழுத்தும் கைக்கும் இழுக்கும் மூச்சுக்கும் ஒத்துவராத பெரியவர்களும் குழந்தைகளும் இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் குழாயை வாங்கிக்கொள்வது நல்லது. ஸ்பேசர் வைத்து எடுக்கும் சால்பியூட்டமால், பெரும்பாலான திணறல்களில் ‘புகை வைக்கிற’ நெபுலைசருக்கு இணையான பலன் தரும். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மருந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும், குரல் கம்மும்.

தியோஃபிலின் என்ற பழைய மாத்திரை

நம் ஊரில் இழுப்பு மாத்திரை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது டெரிஃபிலின். அதில் எட்டோஃபிலினும் தியோஃபிலினும் இருக்கின்றன. விலை குறைவு, விழுங்குவது எளிது, பல ஆண்டுப் பழக்கம். ஆனால் தியோஃபிலின் குறுகிய எல்லைக்குள் இயங்கும் மருந்து. ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் பலன் இல்லை. கொஞ்சம் கூடினால் குமட்டல், வாந்தி, படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். இன்னும் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பும் வரலாம். இன்ஹேலர் கிடைக்கும் இடத்தில் இதை முதல் மருந்தாக இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. இருந்தும் நிறையப் பேர் எடுக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எரியும் புகையிலையில் இருந்து வரும் சில ரசாயனங்கள் ஈரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதிதான் தியோஃபிலினைச் சிதைத்து வெளியேற்றுகிறது. ஆகவே தொடர்ந்து புகைபிடிக்கிறவர் உடம்பில் இந்த மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகிறது. டாக்டர் அதற்கேற்ப அளவைக் கூட்டியிருக்கக்கூடும். இப்போது அவர் பீடியை விடுகிறார். நொதியின் வேகம் சில நாள்களில் தணிகிறது. அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகிறது. பீடியை விட்ட ஒரு வாரத்துக்குள் தியோஃபிலின் அளவைக் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்க வேண்டிவரலாம். நிகோட்டின் கம் மென்றாலும் இது மாறாது, ஏனென்றால் நொதியை முடுக்கியது நிகோட்டின் அல்ல, புகை.

இதோடு சளிக்காய்ச்சலும் சேரட்டும். காய்ச்சல் நீடித்தாலே தியோஃபிலின் வெளியேறுவது மந்தமாகும். அப்போது ஒருவர் சிப்ரோஃப்ளாக்சசினோ எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ கொடுக்கிறார். இவை மூன்றும் தியோஃபிலின் வெளியேறுவதை இன்னும் தடுக்கும். நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். வார்டில் பீடி கிடையாது, உடம்பில் காய்ச்சல், கையில் டெரிஃபிலின் ஊசி, கூடவே சிப்ரோஃப்ளாக்சசின். நான்கும் ஒரே திசையில் தள்ளுகின்றன. மூன்றாம் நாள் வரும் வாந்தியும் படபடப்பும் நோய் முற்றியதன் அடையாளமாகத் தோன்றும், உண்மையில் அது மருந்து கூடியதாக இருக்கலாம். “இவர் பீடி பிடிப்பார், வந்த அன்றிலிருந்து பிடிக்கவில்லை” என்ற ஒரு வாக்கியத்தை உடன் இருப்பவர் டாக்டரிடம் சொன்னால் போதும். மறைக்க வேண்டிய விஷயமே இல்லை அது.

காபியும் அதே நொதியால்தான் கரைகிறது. புகையை விட்டவர் வழக்கம்போல நாலைந்து காபி குடித்தால் அது உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். தூக்கம் கெட்டு, எரிச்சல் வந்து, “பீடி இல்லாமல் முடியவில்லை” என்று நினைத்துக்கொள்வார். அந்த வாரம் காபியைப் பாதியாக்குங்கள்.

இருமல் மருந்து பற்றியும் ஒன்று. பல இருமல் சிரப்புகளில் டெர்பியூட்டலினோ சால்பியூட்டமாலோ கலந்திருக்கும். இன்ஹேலரோடு அதுவும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும். கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின், நம் ஆடாதோடையில் உள்ள வாசிசினிலிருந்து உருவாக்கப்பட்டது. பாட்டி கொடுத்த கஷாயத்துக்கும் சிரப்புக்கும் உறவு இருக்கிறது. ஆனால் இரண்டும் ஸ்டீராய்டு இன்ஹேலரின் வேலையைச் செய்யாது. தலைவலிக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்து ஆகியவை ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியவை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குக் கடுமையான திணறலைத் தரும். கண் டாக்டரிடமும் உங்களுக்கு இழுப்பு உண்டு என்று சொல்லுங்கள்.

புகையை விடுவதற்கும் மருந்து உண்டு

2016–17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி பிடிக்கிறார்கள், 4 சதவீதம் பேர் சிகரெட் பிடிக்கிறார்கள். பீடியில் புகையிலை குறைவு என்பதால் அது லேசானது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அணையாமல் இருக்க அதை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நெஞ்சுக்குள் போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. ஆஸ்துமாக்காரருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. புகைபிடிக்கிறவர் நெஞ்சில் ஸ்டீராய்டு இன்ஹேலரின் பலன் குறைகிறது. காசு கொடுத்து வாங்கிய மருந்தை பீடி பாதியிலேயே மடக்கிவிடுகிறது. “இன்ஹேலர் எனக்குக் கேட்கவில்லை” என்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இழுக்கும் முறையை, அடுத்தது புகையை.

மன உறுதி இருந்தால் போதும் என்று சொல்வது எளிது. நிகோட்டின் மூளையைப் பிடித்துவைக்கும் பொருள். மருந்தின் துணையோடு விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 2 மி.கி. நிகோட்டின் கம். இதைச் சூயிங்கம் போல மென்று தள்ளினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். காரமாகச் சுள்ளென்று படும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். சுள்ளென்பது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வாயில் நிகோட்டின் சரியாக உறிஞ்சாது. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று எடுத்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். தவிப்பு உச்சத்துக்குப் போனபின் ஒன்று போடுவதால்தான் பலர் “கம் வேலை செய்யவில்லை” என்கிறார்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி பற்றவைக்கிறவருக்கு 4 மி.கி. தேவைப்படலாம், டாக்டரிடம் கேளுங்கள். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையும் உண்டு. பட்டை நாள் முழுக்க நிதானமாக நிகோட்டின் தரும், திடீர்த் தவிப்புக்குக் கம் கைகொடுக்கும். தனித்தனியாக எடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல்.

வாரனிக்ளின் மாத்திரை இன்னும் வலுவானது. விடுவதென்று குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் அதே அளவு இரு வேளை, பிறகு 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். பொய் மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், இதை எடுத்தவர்களில் இருமடங்குக்கும் மேற்பட்டவர்கள் விடுகிறார்கள். குமட்டல் வரும் என்பதால் சாப்பிட்டபின் ஒரு தம்ளர் தண்ணீரோடு எடுங்கள். கனவுகள் அதிகம் வரலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

புப்ரோபியானும் புகையை விட உதவும், ஆனால் இழுப்புக்காரருக்கு அது நல்ல தேர்வா என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்கு அதைத் தரவே கூடாது. தியோஃபிலினோ ஸ்டீராய்டு மாத்திரையோ எடுக்கிறவருக்கு, அவற்றோடு சேர்ந்து வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். புகையை விட மருந்து எழுதும் டாக்டர் மனநல மருத்துவராக இருந்து, இழுப்புக்கு மருந்து எழுதியவர் வேறொருவராக இருந்தால், இதை நினைவுபடுத்த உங்களைத் தவிர ஆள் இல்லை. எலெக்ட்ரானிக் சிகரெட்டை யாராவது சிபாரிசு செய்தால், அது 2019 முதல் இந்தியாவில் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்று சொல்லிவிடுங்கள்.

தவிப்பு முதல் சில நாள்களில் உச்சத்தில் இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். அந்த நாள்களில் இருமலும் சளியும் கூடலாம். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாய் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்து அழுக்கை மேலே தள்ளுவது அதற்கு ஒரு காரணம். “விட்ட பிறகுதான் இருமல் அதிகமாச்சு” என்று மீண்டும் பற்றவைத்துவிடாதீர்கள். பேச்சுத் துணை வேண்டுமென்றால் மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356 இருக்கிறது. புகையிலைப் பொட்டலங்களின் மேலேயே அது அச்சாகி வருகிறது.

சளி பிடித்த நாளில்

ஆஸ்துமா திடீரென முற்றுவதற்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், அதிலும் சாதாரண ஜலதோஷத்தைத் தரும் ரைனோ வைரஸ். வைரஸை அசித்ரோமைசினோ அமாக்சிசிலினோ கொல்லாது. சளி மஞ்சளாக, பச்சையாக மாறுவதும் பாக்டீரியாவுக்கு நிரூபணம் அல்ல. நெஞ்சுச் சளிக்குப் பிறகு இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது சாதாரணம். அதிகக் காய்ச்சல், நெஞ்சில் குத்தும் வலி, மூச்சு வாங்குவது, முதியவருக்குக் குழப்பம் இவை இருந்தால் நிமோனியாவா என்று பார்க்க வேண்டும், அப்போது ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும். பல ஆண்டு புகையால் நுரையீரல் கெட்டு சிஓபிடி வந்தவருக்கும் கணக்கு வேறு. மூச்சுத்திணறலோடு சளி அதிகமாகி, சீழ் போல நிறமும் மாறினால் அவருக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். இருப்பது ஆஸ்துமாவா, சிஓபிடியா என்பதை, மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்து ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

சளி வந்ததும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்துகிறவர்கள் பலர். அந்த நாள்களில்தான் அது மிகவும் தேவை. ஆவி பிடிப்பது மூக்குக்கு இதமாக இருக்கலாம், இறுகிய குழாயைத் திறக்காது. கொதிக்கும் பாத்திரத்தருகே குழந்தையை உட்கார வைக்காதீர்கள். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் அந்த அறையில் வேண்டாம். டாக்டர் ஐந்து முதல் ஏழு நாள் பிரெட்னிசொலோன் எழுதினால், காலையில் சாப்பிட்டபின் முழுவதும் எடுத்து முடியுங்கள். சர்க்கரை நோயாளிகள் அந்த நாள்களில் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்புகளின் இடையே தோல் உள்ளே போனால், உதடு நீலம் பாரித்தால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வந்து சேரும்வரை நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசரில் சால்பியூட்டமால் ஒரு பஃப், நான்கைந்து மூச்சு, மறுபடி ஒரு பஃப் என்று நான்கு முதல் பத்து பஃப் வரை கொடுக்கலாம். 20 நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்கலாம். விசில் சத்தம் அடங்கியும் ஆள் சோர்ந்து போனால் அது தேறியதற்கு அடையாளம் இல்லை. காற்றே போகவில்லை என்று பொருள்.

சளிக்குப் பிறகு இருமல் இழுப்பது சாதாரணம் என்றாலும், இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனைகளில் இலவசம். புகைபிடிக்கிறவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். “எனக்கு எப்பவும் இழுப்பு இருமல்தான்” என்று அவர்கள் தள்ளிப்போடுவதும் அதிகம். சோதனைக்கு முன்பே லெவோஃப்ளாக்சசின் போன்றவற்றை வாங்கி விழுங்கினால் காசநோய்க் கிருமி அரைகுறையாக அடங்கி, கண்டுபிடிப்பது தாமதமாகும். காசநோய் உறுதியாகி ஆறு மாத மருந்து தொடங்கினால், அதில் உள்ள ரிஃபாம்பிசின் தியோஃபிலினையும் பிரெட்னிசொலோனையும் சீக்கிரம் கரைத்துவிடும் என்பதால் அவற்றின் அளவையும் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தடுப்பூசிக்கு வருவோம். ஆஸ்துமா உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஃபுளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பலன் வர இரண்டு வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழையோடு சளிக்காய்ச்சல் பெருகும் நம் ஊரில் செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், அதற்குக் குறைந்த வயதில் புகைபிடிக்கிறவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. இன்ஹேலர் எடுப்பதற்காக இரண்டில் எதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் எடுக்கிறவர் மட்டும், ஊசி போடுகிறவரிடம் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.